பிரிக்காத உறை

லண்டன்
20 ஆகஸ்ட் 1962

என் டோர்கஸ் அக்காவுக்கு,

கெஸ்ஸி எழுதுவது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பக்கத்து வீட்டு ஆல்மா இன்னும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்துகிறாளா? இங்கே எனக்குத் தொண்டையைத் தவிர எல்லாம் நலம்.

நேற்று ஒரு பத்திரிகைக்காரன் வந்தான். "மேடம், கிரிம்ஸ்பி மீன்காரப் பொம்பளைங்க பேசுற மாதிரியே எழுதுறீங்களே, எப்படி?" என்றான். "நான் அந்தத் தெருவுல பொறந்தவ" என்றேன். பொய் இல்லை. அந்தத் தெருவிலேயே தங்கி, முற்றத்தில் மீன்வலை பின்னிக்கொண்டு, வலை பின்னும் பெண்கள் பேசுவதையெல்லாம் வசனமாக்கி எனக்கு அனுப்பும் அக்கா ஒருத்தி இருக்கிறாள் என்பதைத்தான் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியவள் நீ. ஒன்பது படம் ஆகிவிட்டது. ஒன்பதிலும் என் மேடைப் பெயரில் 'எழுத்தும் நடிப்பும் லியோனி ஆஷ்பி'. அந்தப் பெயரைப் பார்க்கும்போது அது யாரோ என்றுதான் எனக்கே தோன்றுகிறது.

பத்தாவதற்கு வருகிறேன். இருபது வருடம் கழித்து ஒருத்தி பிறந்த வீட்டுக்குத் திரும்புகிறாள், கதவைத் தட்டுகிறாள், உள்ளேயிருந்து "யாரது?" என்று குரல் வருகிறது. அதற்கு அவள் சொல்லும் பதில்தான் படத்தின் கடைசி வசனம் என்று போன மாதம் எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. அந்த வரியை வழக்கம்போலத் தனி உறையில் ஒட்டி அனுப்பு.

டைரக்டர் தலையில் அடித்துக்கொள்கிறார். "லியோனி, இது நாடகக் கொட்டகை இல்லை. கடைசி சீனை முதல் நாளே எடுக்கலாம்" என்கிறார். "தாராளமா எடுங்க, நான் வரலை" என்றேன். ஒத்திகையில் கடைசி வரியை வாய்விட்டுச் சொன்னால் அபசகுனம், நாடகம் உருப்படாது என்று பதினேழு வயதில் மேடையில் கற்றுக்கொண்டது. அதை நான் விடமாட்டேன்.

பிரதியைச் சீக்கிரம் அனுப்பு. குளிர் வரும் முன் ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்.

உன் தங்கை
கெஸ்ஸி


கிரிம்ஸ்பி
3 செப்டம்பர் 1962

கெஸ்ஸிக்கு,

தொண்டைக்குத் தேன் குடி. சிகரெட்டைக் குறை என்று சொன்னால் நீ கேட்கப் போவதில்லை, ஆகையால் தேனை அதிகமாகக் குடி.

பிரதி முழுவதும் இதோடு இருக்கிறது. எழுதி முடிக்க நாளானதற்கு மன்னித்துவிடு. வயிறு சரியில்லை. கோடையெல்லாம் படுத்தியது. ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். மீசை கூட முளைக்காத பிள்ளை, என்னைப் பார்த்துப் பேசாமல் தன் பூட்ஸைப் பார்த்தே பேசினான்.

வலை பின்னுவதை நிறுத்திவிட்டேன். கை ஓய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். முற்றத்துக் கொக்கியில் இப்போது ஆல்மா தன் வலையை மாட்டிப் பின்னுகிறாள். "உன் முடிச்சு மாதிரி வரலைடி" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள். வராதுதான்.

தனி உறையும் உள்ளே இருக்கிறது. 'கடைசி நாள் வரை பிரிக்காதே' என்று வழக்கம்போல மேலே எழுதியிருக்கிறேன். நீ எவ்வளவு நல்ல பிள்ளை என்று எனக்குத் தெரியும்.

முடிந்தால் இந்த மாதமோ அடுத்த மாதமோ ஒரு தடவை வந்துவிட்டுப் போ. அம்மா போனதிலிருந்து நீ இந்த வாசலை மிதிக்கவில்லை. மாடி அறைக் கட்டிலைத் தட்டிப் போட்டு வைத்திருக்கிறேன்.

டோர்கஸ்


லண்டன்
20 செப்டம்பர் 1962

தங்கமான அக்காவுக்கு,

வயிறு இப்போது தேவலையா? இங்கே ஒரு நல்ல டாக்டர் இருக்கிறார், நடிகைகள் எல்லாரும் அவரிடம்தான் போவோம். நீ வருவாயானால் நானே கூட்டிப் போகிறேன்.

பிரதியை ஒரே மூச்சில் படித்தேன். அக்கா, நீ எழுதியதிலேயே இதுதான் உச்சம். சந்தையில் இரண்டு பேரும் மீனுக்குச் சண்டை போடும் இடத்தில் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. கதவுக்கு முன்னால் அவள் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொள்ளும் இடத்தில் அழுதேன். முழுப் பிரதியும் எனக்கு மனப்பாடம்.

வரத்தான் ஆசை. ஆனால் அக்டோபர் முதல் வாரம் படப்பிடிப்பு தொடங்குகிறது. அதற்கு முன்னால் உடை அளவு, ஒப்பனைச் சோதனை என்று ஆளைப் பிய்த்துத் தின்கிறார்கள். கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வந்துவிடுவேன். வாத்து நான் வாங்கி வருகிறேன், நீ சமைக்க வேண்டாம்.

உனக்கு ஒரு கம்பளிக் கோட்டு அனுப்பியிருக்கிறேன். பழைய அளவுதானே?

அன்பு முத்தங்களுடன்
கெஸ்ஸி


கிரிம்ஸ்பி
11 அக்டோபர் 1962

கெஸ்ஸிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று பத்திரிகையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். படப்பிடிப்புத் தொடக்க விழாவில் தொப்பியோடு சிரிக்கிறாய். தொப்பி நன்றாக இல்லை.

கோட்டு வந்தது. அழகான கோட்டு, கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது. ஆல்மா ஊசி குத்தி அளவெடுத்து, "ரெண்டு பேரு போடலாம்டி இதை" என்றாள். பிடித்துத் தைக்க வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தை இரண்டு மூன்று முறை படித்தேன். பிரதி முழுவதும் மனப்பாடம் என்று எழுதியிருக்கிறாய். முழுவதையும் படித்தாயா? நான் அனுப்பியது எல்லாவற்றையும்? அதில் என்னிடம் கேட்க வேண்டியது உனக்கு ஒன்றுமே இல்லையா?

கிறிஸ்துமஸ் தூரத்தில் இருக்கிறது. முன்னாலேயே வந்தால் நல்லது. காலை ரயிலில் வந்து மறுநாள் திரும்பிவிடலாம். நான் உன்னை எதற்கும் பிடித்து வைத்துக்கொள்ளமாட்டேன்.

டோர்கஸ்


லண்டன்
2 நவம்பர் 1962

அக்காவுக்கு,

நலம்தானே? பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. காலையில் ஐந்து மணிக்கே கார் வந்துவிடுகிறது.

கேட்க ஒன்றே ஒன்று இருந்தது, நல்லவேளை ஞாபகப்படுத்தினாய். சந்தைக் காட்சியில் அவள் "உன் வலையில நண்டுதான் மாட்டும்" என்கிறாளே, அதைச் சிரித்துக்கொண்டு சொல்லவா, முறைத்துக்கொண்டு சொல்லவா? டைரக்டர் சிரி என்கிறார். எனக்கென்னவோ முறைப்புதான் சரியாகப் படுகிறது.

போன வாரம் ஒரு பெரிய விருந்து. ஒரு பிரபு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏழைகளோட இதயம் உங்க பேனாவுலதான் துடிக்குது" என்றார். வெளியே வந்து சிரித்தேன். நீ கூட இருந்திருந்தால் அந்த ஆளுக்கு ஒரு வசனம் எழுதியிருப்பாய்.

வேலை இப்போது கழுத்தைப் பிடிக்கிறது அக்கா. நடுவில் ஒரு நாள் கூடக் கிடைக்காது. கிறிஸ்துமஸ், கிறிஸ்துமஸ். சத்தியம்.

கெஸ்ஸி


கிரிம்ஸ்பி
20 நவம்பர் 1962

கெஸ்ஸிக்கு,

முறைத்துக்கொண்டு சொல்.

அம்மா கிடையில் விழுந்தபோது உனக்கு இரண்டு தந்தி கொடுத்தேன். நீ மான்செஸ்டரில் நாடகத்தில் இருந்தாய். இரண்டையும் பிரிக்காமல் மேஜை இழுப்பறையில் போட்டு வைத்திருந்ததாக அப்புறம் நீயேதான் சொன்னாய். கெட்ட சேதியைப் படிக்காவிட்டால் அது நடக்காது என்று நினைக்கும் ஜாதி நீ. புதைத்து மூன்றாம் நாள் வந்து நின்றாய். அன்று நான் உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. உனக்கு நினைவிருக்கும்.

படிக்காமல் வராதது வேறு. படித்துவிட்டும் நண்டைப் பற்றிக் கேட்பது வேறு. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று அம்மா உன்னைச் சொல்லும்போதெல்லாம் உனக்காக அவளோடு சண்டை போட்டவள் நான்.

இனி உன்னை வா என்று கூப்பிடமாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

டோர்கஸ்


லண்டன்
28 டிசம்பர் 1962

அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து வாரம் உட்கார்ந்திருந்தேன். நான் எதைப் படித்தேன், எதற்கு வரவில்லை என்கிறாய்? கோட்டு பிடிக்கவில்லையா? ஒன்றும் விளங்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வராததற்குச் சாக்குச் சொல்லவில்லை. டிசம்பர் முதல் வாரம் இங்கே புகைமூட்டம், நீட்டிய கை தெரியவில்லை, படப்பிடிப்பு நின்றது. அப்புறம் என் தொண்டை கட்டிக்கொண்டது. இப்போது பனி. ஸ்டுடியோ வாசலை மண்வெட்டியால் வெட்டித் திறக்கிறார்கள். டிசம்பர் பதினான்கில் முடிய வேண்டியது ஜனவரி பதினெட்டுக்குப் போய்விட்டது. அன்றைக்குத்தான் கதவுக் காட்சி.

ஒன்று சொல்ல வேண்டும். பல வருடமாக நான் உனக்குச் செய்து வந்த திருட்டு. நீ அனுப்பிய உறைகளில் ஒன்றைக் கூட நான் கடைசி நாள் வரை வைத்திருந்ததில்லை. வந்த அன்றைக்கே கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்துவிடுவேன். படித்துவிட்டு மறுபடி ஒட்டி வைத்து, கடைசி நாளில் எல்லார் முன்னாலும் புதிதாகப் பிரிப்பதுபோல் நடிப்பேன். வாய்விட்டு மட்டும் சொன்னதில்லை, அந்த அளவுக்கு நாணயம்.

போன படத்தில் அதையும் மீறினேன். அவ்வளவு நல்ல வரி அது. கண்ணாடி முன்னால் நின்று உரக்கச் சொல்லிப் பார்த்தேன். மறுநாள் மேல்தட்டில் விளக்குக் கட்டும் வில்ஃப் என்ற பெரியவர் என் கண்ணெதிரே விழுந்தார். காலையில் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்த மனுஷன். நான் யாரிடமும் சொல்லவில்லை.

நீ திட்டுவாய் என்று தெரியும். ஆனால் உனக்குத் தெரியாதா? அப்பாவின் கப்பல் கிளம்பிய அன்று நான் என் பொம்மையின் சட்டையைத் துவைத்துக் கொடியில் காயப் போட்டேன். ஆள் கடலுக்குப் போகிற நாளில் வீட்டில் துணி நனைக்கக் கூடாது என்று ஆறு வயதில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தெருவே பார்த்தது. ஆல்மாவின் அம்மா ஓடிவந்து அதைக் கொடியிலிருந்து பிடுங்கினாள். அப்பா வரவில்லை. பதினான்கு பேர் வரவில்லை. முப்பத்தெட்டு வருடமாக அந்தச் சட்டை என் கண்ணில் தொங்குகிறது.

அதனால் இந்த முறை சத்தியம் செய்துகொண்டேன். உன் உறையை நான் பிரிக்கவே இல்லை அக்கா. செப்டம்பரிலிருந்து ஒப்பனைப் பெட்டியின் அடியில் ஒட்டியபடியே இருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எடுத்துப் பார்க்கிறேன், வைத்துவிடுகிறேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஒழுங்காக இருந்தால் நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன்.

பதினெட்டாம் தேதி பிரிப்பேன். அந்த வரியைச் சொல்லிவிட்டு நேரே ரயிலேறி உன்னிடம் வருகிறேன். என் மேல் என்ன கோபமென்று அப்போது முகத்துக்கு நேராகச் சொல்.

உன்
கெஸ்ஸி


கிரிம்ஸ்பி
5 ஜனவரி 1963

அன்பான கெஸ்ஸிக்கு,

கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. பனியில் வழுக்கி மணிக்கட்டு பிசகிவிட்டது. நான் சொல்லச் சொல்ல ஆல்மா எழுதுகிறாள். பிழையெல்லாம் அவளுடையது.

உன் கடிதம் நேற்று வந்தது. கோபம் போய்விட்டது. என்ன கோபம் என்று கேட்காதே, எனக்கே இப்போது சிரிப்பாக இருக்கிறது.

நீ உறையைப் பிரித்துப் படிப்பவள் என்று முதல் படத்திலிருந்தே எனக்குத் தெரியும். ஆவியில் பிரித்து ஒட்டியதாக நீ பெருமைப்படுகிறாய், படம் முடிந்ததும் உறையை எனக்கே திருப்பி அனுப்புவாயே, காகிதம் அலையலையாகச் சுருங்கியிருக்கும்.

வில்ஃப் விழுந்தது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பொம்மைச் சட்டையும் அப்படித்தான். அன்று வடக்குக் கடலில் புயல். பதினான்கு பேர் வீட்டிலுமா பொம்மைச் சட்டை துவைத்தார்கள்? இதை உனக்கு நூறு தடவை சொல்லிவிட்டேன். நூற்றியொன்றாவது தடவையாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

சத்தியம் செய்திருக்கிறாய், அதைக் காப்பாற்று. பதினெட்டாம் தேதிக்கு முன்னால் பிரிக்காதே. அன்று அதில் என்ன இருந்தாலும் அது உன் மேல் பாசத்தில் எழுதியது என்று மட்டும் நினைத்துக்கொள்.

தேன் குடி. வெளியே போகும்போது தலையை மூடிக்கொள்.

உன் அக்கா
டோர்கஸ்


லண்டன்
27 ஜனவரி 1963

ஆல்மா அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இதை நீங்கள் அடுப்பில் போட்டாலும் நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

பதினெட்டாம் தேதி மதியம், கதவுச் செட்டுக்கு முன்னால், விளக்கெல்லாம் எரிய, ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க அந்த உறையைப் பிரித்தேன். எல்லாரும் கைதட்டினார்கள், எங்கள் கம்பெனியில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. உள்ளே வசனம் இல்லை. அக்கா எழுதியிருந்ததை அப்படியே கீழே எழுதுகிறேன்.

'கெஸ்ஸி, கடிதத்தில் எழுதினால் நீ இழுப்பறையில் போடுவாய். வசனம் என்றால் இன்றைக்கே ஆவியில் காட்டிப் படித்துவிடுவாய். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு வயிற்றில் புற்று. கிறிஸ்துமஸைத் தாண்டுவது கஷ்டம் என்கிறார் டாக்டர். கடைசி வரியை நான் எழுதவில்லை. நீ வந்து நம் வீட்டுக் கதவைத் தட்டு. உள்ளேயிருந்து யாரது என்று நான் கேட்கிறேன். அப்போது உன் வாயில் என்ன வருகிறதோ அதை எழுதிக்கொள். சீக்கிரம் வா.'

தேதி செப்டம்பர் மூன்று.

வேஷத்தைக் கூடக் கலைக்கவில்லை. படத்து விதவையின் கறுப்புக் கோட்டோடு, முகப்பூச்சோடு ஸ்டேஷனுக்கு ஓடினேன். பனியில் ரயில் பாதி வழியில் ஏழு மணி நேரம் நின்றது. சனிக்கிழமை மதியம் வந்து கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து "யாரது?" என்று குரல் வந்தது. அது உங்கள் குரல். எனக்குப் பதில் வரவில்லை.

நீங்கள் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்து, "துக்கம் கேக்கவும் வேஷம் கட்டிக்கிட்டு வந்திருக்கா பாரு. பொதைச்சு ரெண்டு நாளாச்சு, போ" என்று கதவைச் சாத்தினீர்கள். உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. நீங்கள் பதினொன்றாம் தேதி கொடுத்த தந்தி என் வீட்டுக் கதவின் அடியில் கிடந்தது. பனியால் நான் பத்தாம் தேதியிலிருந்து ஸ்டுடியோ பக்கத்து ஓட்டலில் தங்கியிருந்தேன். திரும்பி வந்துதான் பார்த்தேன்.

கதவுக்கு வெளியே நிற்பதோடு படத்தை முடித்துவிடுகிறார்களாம். அவள் தட்டுகிறாள், "யாரது?" என்று குரல், அதோடு சரி. டைரக்டர் அதைத் துணிச்சல் என்கிறார். எழுத்து டோர்கஸ் என்று போடச் சொன்னேன். கம்பெனிக்காரர்கள் என் தோளைத் தட்டி, "துக்கத்துல பேசறீங்க" என்றார்கள்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். நான் உறையைப் பிரிக்கவில்லை என்ற கடிதம் நான்காம் தேதி அவளுக்குக் கிடைத்துவிட்டது. அவள் சொல்லி நீங்கள்தான் பதில் எழுதினீர்கள். அதற்கப்புறம் ஏழு நாள் உயிரோடு இருந்தாள். 'வா' என்று ஒரு எழுத்து போதும், நான் நடந்தாவது வந்திருப்பேன். பதினெட்டு வரை பிரிக்காதே என்று ஏன் எழுதச் சொன்னாள்? அம்மாவுக்காக என்னைத் தண்டித்தாளா? உண்மையைச் சொல்லுங்கள். என்னவாக இருந்தாலும் தாங்கிக்கொள்கிறேன்.

கெசையா (கெஸ்ஸி)


கிரிம்ஸ்பி
3 பிப்ரவரி 1963

கெஸ்ஸிக்கு,

ஆல்மா எழுதுவது. முதலில் நீ சாப்பிடுகிறாயா? கதவைத் திறந்தபோது அந்தப் பூச்சுக்குள்ளே எலும்புதான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பேசினேன், அதற்காக எனக்குச் சாகும் வரை வெட்கம். தந்தி கதவடியில் கிடந்தது எனக்கு எப்படித் தெரியும்? சினிமா முடிய ஒரு வாரம் காத்திருந்து, கறுப்புக் கோட்டும் தைத்துக்கொண்டு வந்தாய் என்றுதான் நினைத்தேன்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். மணிக்கட்டு பிசகியது பொய். கையைத் தூக்க அவளுக்குத் தெம்பில்லை. அக்டோபரிலிருந்து ஜன்னல் பக்கம் திரும்பியே படுத்திருந்தாள். தபால்காரன் போகும்போதெல்லாம், "அவ படிச்சிட்டா ஆல்மா, படிச்சும் வரலை" என்பாள். அதற்குமேல் உன்னைப் பற்றி என்னைப் பேச விடமாட்டாள். கிறிஸ்துமஸ் அன்றைக்கு உன் கோட்டைப் போட்டுவிடச் சொன்னாள். போர்வை மாதிரி சுற்றிவிட்டேன்.

நான்காம் தேதி உன் கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். 'உறையை நான் பிரிக்கவே இல்லை' என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். மறுபடி படிக்கச் சொன்னாள். மூன்று தடவை படித்தேன். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும், நிறுத்து என்றால் கேட்கவில்லை.

"பாத்தியா? பொறந்ததுலேர்ந்து என் பேச்சைக் கேக்காதவ. கேக்கக் கூடாத நேரமாப் பாத்துக் கேட்டிருக்கா" என்றாள்.

நான் என் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். "தபாலாபீசுக்கு ஓடறேன். உறையைப் பிரிச்சுப் பாருன்னு ஒரு தந்தி. நாளைக்கு இங்க நிப்பா" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ. "கோட்டைக் கழட்டு" என்றாள்.

"உனக்குப் பைத்தியமாடி? அவளைப் பாக்கணும்னுதானே உசிரை வச்சிருக்கே?"

"நான் சொல்லிப் பிரிப்பா. பனியில ரயிலு வருதோ வரலையோ, அதுக்குள்ள நான் போயிடுவேன். நாள் வர்றதுக்கு முந்தி பிரிச்சதாலதான் அக்கா செத்தான்னு அவ சாகற மட்டும் சொல்லிக்கிட்டுத் திரிவா. ஒரு பொம்மைச் சட்டைக்கே முப்பத்தெட்டு வருஷம் அழுதிருக்கா ஆல்மா. இன்னொண்ணு அவளால சுமக்க முடியாது."

"வராமப் போனா மட்டும் அழமாட்டாளா?"

"அழுவா. வர முடியலையேன்னு அழுவா. அது எல்லாரும் அழற அழுகை. அதுக்கு ஒரு முடிவு இருக்கு."

அப்புறம்தான் அந்தக் கடிதத்தை எழுதச் சொன்னாள். எழுதி முடித்து நான் ஒட்டியபோது, "நல்லா ஒட்டு, ஆவி பட்டாலும் பிரியக் கூடாது" என்று சொல்லி மறுபடி சிரித்தாள். பதினொன்றாம் தேதி காலையில் போனாள். கடைசியில் யாரையும் கேட்கவில்லை, தூக்கத்திலேயே போனாள். மண் உறைந்திருந்தது, கடப்பாரை போட்டுத்தான் குழி வெட்டினார்கள். அந்தக் கோட்டைப் போட்டுத்தான் அனுப்பினேன்.

இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடமும் சத்தியம் கேட்டாள். நான் செய்து கொடுக்கவில்லை. உங்கள் வீட்டுச் சத்தியம் போதும் எனக்கு.

வீட்டைக் காலி செய்ய வீட்டுச் சொந்தக்காரன் மார்ச் வரை தவணை கொடுத்திருக்கிறான். அவள் எழுதிய நோட்டுகள் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. மாடிக் கட்டில் அவள் தட்டிப் போட்டபடியே இருக்கிறது. சூடாக ஏதாவது குடித்துவிட்டு ரயிலேறி வா. சாவி என்னிடம் இருக்கிறது. வந்து கதவைத் தட்டு. யாரென்று கேட்கமாட்டேன்.

ஆல்மா